தையற்பெண்ணின் தேநீர்: இளம்பெண்களின் உணவும் உணர்வும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

இளம்பெண்களின் உணவுப் பழக்கம் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்படுவனவற்றை நோக்குமிடத்து, அவற்றில் இரு குரல்கள் தனித்தனியே ஒலிப்பதைக் காணலாம். ஒன்று போசாக்கியலின் குரல். உணவிற் புரதம் எவ்வளவு, இரும்புச்சத்து எவ்வளவு, பழமும் இலைக்கறியும் எவ்வளவு என அது கணக்கிடுகின்றது. மற்றையது உளவியலின் குரல். கவலையிலும் சலிப்பிலும் தனிமையிலும் பசியின்றியே உண்பதும், இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் நாடுவதும், உண்டபின் நாணுவதும் 'உணர்ச்சிவழி உண்ணல்' என அதனாற் பெயரிடப்படுகின்றன. முதலாவது குரல் வயிற்றைப் பற்றிப் பேசுகின்றது. இரண்டாவது மனத்தைப் பற்றிப் பேசுகின்றது. வயிறும் மனமும் ஒரே பெண்ணுக்கு உரியன என்பது இவ்விரு துறைகளிலும் ஒப்புக்கொள்ளப்படுகின்றதாயினும், ஆய்வு முறையிலும் அறிவுரையிலும் அவை பிரிந்தே நிற்கின்றன.

இப்பிரிவினை எவ்வாறு தோன்றிற்று என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. இது அறிவியலின் உள்வளர்ச்சியால் மட்டும் ஏற்பட்டதன்று என்பதும், வர்க்க சமூகத்தின் பிரிவினை உணவு பற்றிய அறிவினுள்ளும் புகுந்ததன் விளைவே இது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். ஏழைப் பெண்ணின் பசி நிறுக்கப்பட்டது. அவளது உணர்வு கேட்கப்படவில்லை. வசதிபடைத்த பெண்ணின் உணர்வு செவிமடுக்கப்பட்டது. அது எத்தகைய பொருளியல் உறவின்மேல் நின்றது என்பது வினவப்படவில்லை. இவ்வாதத்தை நிறுவுவதற்கு 19ஆம் நூற்றாண்டு இலண்டனின் தையற்பெண்ணிலிருந்து தொடங்கி, அவளது குவளைக்குச் சீனியும் தேயிலையும் வழங்கிய தோட்டப் பெண்களைக் கண்டு, நமது நாட்டின் ஆடைத் தொழிற்சாலைப் பெண்வரை வருதல் பொருத்தமாகும். தொழிலாலும் பண்டத்தாலும் இம்மூவரும் ஒரே பொருளாதாரத்தின் கண்ணிகளாவர்.

2

1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பருத்தி வரத்துத் தடைப்பட, இலங்காசயரின் ஆலைகள் மூடப்பட்டன. வேலையிழந்தோர் பட்டினி நோய்க்கு ஆளாகாதிருப்பதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு உணவு தேவை என்ற வினா அரசின்முன் எழுந்தது. இதனை ஆராய்ந்தவர் வைத்தியர் எட்வேர்ட் ஸ்மித். சராசரிப் பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு 3,900 கிரெயின் காபனும் 180 கிரெயின் நைதரசனும், ஆணுக்கு 4,300 கிரெயின் காபனும் 200 கிரெயின் நைதரசனும் வேண்டும் என அவர் கணித்தார். பெண்ணுக்குரிய அளவு 2 இறாத்தல் நல்ல கோதுமைப் பாணில் அடங்கும் சத்துக்குச் சமமானது. அதன் நைதரசனை இன்றைய முறையிற் கணக்கிட்டால் ஏறத்தாழ 73 கிராம் புரதமாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு 1863இல், அரசின் மருத்துவ அதிகாரியான ஜோன் சைமனின் பணிப்பின்பேரில், பட்டு நெசவாளர், தையற்பெண்கள், தோற்கையுறை தைப்போர், காலுறை நெய்வோர், சப்பாத்துத் தைப்போர் ஆகியோரின் உணவு ஆராயப்பட்டது. இவ்வறிக்கையின் பேறுகளைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில், மூலதனத் திரட்சி பற்றிய பகுதியிற் பயன்படுத்தியுள்ளார். வாரத்துக்குரிய பாணின் அளவு தையற்பெண்களிடையே மிகக் குறைவாக 7¾ இறாத்தலாகவும், சப்பாத்துத் தைப்போரிடையே மிகக் கூடுதலாக 11½ இறாத்தலாகவும் இருந்தது. தையற்பெண்ணின் உணவுச் செலவு வாரத்துக்கு 2 சிலிங் 7 பென்ஸ் மட்டுமே. ஆராயப்பட்ட தொழிலாளருள் மிகமோசமாகப் போசிக்கப்பட்டோர் பட்டு நெசவாளரும் தையற்பெண்களும் தோற்கையுறை தைப்போருமே என்பது முடிவாயிற்று. கிராமப்புற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைப் பொறுத்தவரை, உணவுப் பற்றாக்குறையின் சுமை பெரும்பாலும் பெண்கள்மீதும் பிள்ளைகள்மீதும் விழுந்தது. உழைக்கவேண்டியவன் ஆண், ஆகவே இறைச்சித்துண்டு அவனுக்கே என்ற வீட்டு நியதி அங்கு நிலவியது. பெண்ணும் உழைத்தாள் என்பது அந்நியதியின் கண்ணுக்குத் தெரியவில்லை.

உணவின் அளவைப் போலவே அதனை உண்ணும் நேரமும் முதலாளிக்கு உரியதாயிருந்தது. ஏங்கல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் பற்றிய நூலில், இலண்டனின் ஆடைதைக்கும் நிலையங்களில் ஏறத்தாழ 15,000 இளம்பெண்கள் தொழில்புரிந்ததாகக் குறிப்பிடுகின்றார். கேளிக்கைப் பருவத்தில் அவர்களது வேலைநாள் 15 முதல் 18 மணிநேரம்வரை நீண்டது. விரைவாக விழுங்குவதற்கு வாய்ப்பாக உணவு சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுக்கப்பட்ட நிகழ்வையும் அவர் அரசாணைக்குழுவின் அறிக்கையிலிருந்து எடுத்துக் காட்டுகின்றார்.

1863 யூனில் மேரி ஆன் வோக்லி என்னும் 20 வயதுப் பெண் இலண்டனில் இறந்தாள். வேல்ஸ் இளவரசியின் பொருட்டு நடைபெறவிருந்த நடனவிருந்துக்கான ஆடைகளைத் தைப்பதற்காக, 60 பெண்களுடன் சேர்ந்து, ஓர் அறையில் 30 பேராக, 26½ மணிநேரம் இடைவிடாது உழைத்தபின் நோயுற்று இறந்தவள் அவள். 'மூலதன'த்தின் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் இச்சாவு இடம்பெறுகின்றது. அங்கு நமது கவனத்துக்குரிய ஒரு சிறு விபரம் உண்டு. ஓய்ந்துவிழும் உழைப்புச் சக்தியைத் தாங்கிநிறுத்துவதற்காக இடையிடையே இப்பெண்களுக்குச் செரி, போட் ஆகிய மதுவகைகளும் கோப்பியும் வழங்கப்பட்டன. அதாவது, களைப்பையும் சோர்வையும் மறக்கச்செய்யும் பண்டம் உழைப்புச் செயன்முறையின் ஓர் உள்ளீடாகவே அமைந்தது. எந்திரத்துக்கு எண்ணெய் இடுவதைப் போன்றது இது. உணர்ச்சியைத் தணிக்க உண்பதும் குடிப்பதும் தனியாளின் பலவீனமாகப் பேசப்படுமுன்னரே, அது தொழிற்றலத்தின் ஒழுங்காக நடைமுறையில் இருந்தமையை இவ்விபரம் காட்டுகின்றது.

3

இதே இலண்டனில், இதற்குப் பத்தாண்டுகளின் பின்னர், இளம்பெண்ணின் உணவு வேறொரு வடிவில் வைத்தியரின் கவனத்துக்கு வந்தது. 1873இல் பிரான்சில் இலசேக் என்பாரும் இங்கிலாந்தில் சேர் வில்லியம் கல் என்பாரும், உடலில் வேறு நோயேதுமின்றி உணவை மறுத்து மெலியும் இளம்பெண்களைப் பற்றித் தனித்தனியே எழுதினர். 'அனொரெக்சியா நேர்வோசா' என்னும் பெயரைக் கல் வழங்கினார். இவர்களிடம் வந்தோர் பெரும்பாலும் வசதிபடைத்த குடும்பத்துப் பெண்கள். மேசையில் உணவு நிறைந்திருக்க, அதனை மறுத்தவர்கள். 1871இல் வேல்ஸ் இளவரசரின் நோயைத் தீர்த்து அதன் பேறாக அடுத்த ஆண்டிற் பட்டம் பெற்றவர் கல் என்பதும், வோக்லி தைத்தது அவ்விளவரசரின் மனைவிக்கான விருந்தின் ஆடைகளை என்பதும் தற்செயலான ஒற்றுமைகளே. ஆயினும் ஒரே சமூகவமைப்பின் இரு முனைகள் எவ்வளவு அண்மையில் இருந்தன என்பதை அவை உணர்த்துகின்றன. ஆடையைத் தைத்தவள் உணவின்றி வாடினாள். ஆடையை அணியவேண்டியவள், இடையை இறுக்கும் கோர்செற்றுக்கும் திருமணச் சந்தைக்கும் உரிய உடலாகத் தன்னை ஆக்கவேண்டிய சூழலில் உணவை ஒதுக்கினாள். முன்னவளின் உடலை அளப்பதற்குக் கிரெயின் கணக்குப் போதுமானதாயிற்று. பின்னவளின் உடலை விளக்குவதற்கு மனம் என்னும் கருத்து வேண்டப்பட்டது.

இலக்கியத்திலும் இப்பிரிவினை காணப்படுகின்றது. சாலட் புரொண்டியின் 'சேர்லி' (1849) இவ்வகையிற் குறிப்பிடத்தக்க நாவலாகும். 1811-12 காலத்து யோக்சயரில் எந்திரங்களை உடைத்த தொழிலாளரின் கலகத்தைப் பின்னணியாகக் கொண்ட இந்நாவலில் இருவகைப் பட்டினிகள் உள. வேலையிழந்த நெசவாளரின் பட்டினி கூட்டமாகவும் கலகமாகவும் வெளிப்படுகின்றது. பாதிரியாரின் வளர்ப்பில் வாழும் கரலைன் என்னும் இளம்பெண் காதல் கைகூடாதென்ற துயரில் உணவை மறந்து தேய்கின்றாள். இவளது பட்டினிக்கே அகவுலகம் வழங்கப்பட்டுள்ளது. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. சங்க அகப்பாடல்களிற் பசலை பூத்து வளைநெகிழ மெலிபவள் தலைவி. புறப்பாடல்களில் வறுமையால் மெலிந்து, பாலற்ற மார்புடன் குழந்தையை ஏந்திநிற்பவள் புலவனின் மனைவி. முன்னவளின் மெலிவு உணர்வின் மொழியாகின்றது. பின்னவளின் மெலிவு கொடைவேண்டி நிற்போனின் சான்றாகின்றது. காலத்தாலும் உற்பத்தி முறையாலும் வேறுபட்ட சமூகங்கள் எனினும், யாருடைய மெலிவுக்கு உள்ளம் உண்டு என்ற கேள்விக்கு இரண்டும் ஒத்த விடையையே தருகின்றன.

வைத்திய வரலாற்றிற் 'குளோரோசிஸ்' என வழங்கிய பசுஞ்சோகை நோயின் கதை இப்பிரிவினையின் மறுபக்கத்தைக் காட்டுவது. 1554இல் ஜேர்மனிய வைத்தியரான யொஹானஸ் லாங்கே இதனைக் கன்னிப்பெண்களின் நோயாக விவரித்து, திருமணத்தையே மருந்தாகக் கூறினார். வெளிறிய முகம், மூச்சிளைப்பு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவற்றுடன், உண்ணத்தகாதவற்றை உண்ணும் விருப்பமும் இதன் குறிகளாகக் கருதப்பட்டன. நூற்றாண்டுக் கணக்கில் இது காதல் நோயாகவும் பெண்மனத்தின் கோளாறாகவும் பேசப்பட்டு வந்தது. 1832இல் பிரெஞ்சு வைத்தியர் புளோ இரும்புச்சத்து மாத்திரையால் இதனைக் குணப்படுத்திக் காட்டினார். 19ஆம் நூற்றாண்டின் வைத்தியசாலைகளுக்கு இந்நோயுடன் வந்தோருட் பலர் வீட்டுப் பணிப்பெண்களும் ஆலைப் பெண்களுமாவர். பாணும் தேநீருமே பெரும்பாலான நாட்களில் அவர்களது உணவு. தேயிலையிலுள்ள சில பொருட்கள் உணவின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுப்பன என்பதை இன்று நாம் அறிவோம். ஆகவே உணர்ச்சியின் கோளாறு எனக் கருதப்பட்டதன் அடியில் உணவின் கோளாறும், அதன் அடியிற் கூலியின் கோளாறும் கிடந்தன. நமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் பச்சையரிசியையும் மண்ணையும் சாம்பலையும் தின்னும் பெண்ணைக் கேலிசெய்வோர், அவ்விருப்பம் குருதிச்சோகையுடன் நெருங்கிய தொடர்புடையது என்பதை எண்ணுவதில்லை.

4

தையற்பெண் ஏன் தேநீரையும் சீனியையும் நாடினாள்? அடுப்பு மூட்ட விறகுமில்லை, நேரமுமில்லை. குளிர்ந்த பாண்துண்டைச் சூடான இனிப்புத் தேநீருடன் உண்கையில் அது சமைத்த உணவின் சாயலைப் பெறுகின்றது. 1985இல் வெளிவந்த தமது சீனி பற்றிய நூலில் மானிடவியலாளர் சிட்னி மின்ற்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். பிரித்தானியாவில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 1800 அளவில் ஏறத்தாழ 18 இறாத்தலாக இருந்த சீனி நுகர்வு, அந்நூற்றாண்டின் முடிவில் நான்கு மடங்குக்கு மேலாகப் பெருகியிருந்தது. 1874இற் சீனிமீதான இறக்குமதி வரி முற்றாக நீக்கப்பட்டது. உழைப்புச் சக்தியை மலிவாக மீளுற்பத்தி செய்ய விரும்பிய தொழில் முதலுக்குச் சீனி உகந்த பண்டம்: விரைவில் ஆற்றல் தரும், களைப்பை மறக்கச்செய்யும், சமையல் வேண்டாதது. இன்பமும் இங்கு உண்மையானதே. வேறெல்லா இன்பமும் மறுக்கப்பட்ட நாளில் இனிப்பான ஒரு குவளை தேநீர் அவளுக்குரிய ஒரேயொரு சொந்த நேரமாயிருந்தது. அவ்வின்பத்தை அறியாமை எனப் பழித்தல் வரலாற்று நோக்குக்கு ஒவ்வாதது.

அக்குவளையில் நமது மக்களின் வரலாறும் கரைந்துள்ளது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அனுப்பப்பட்டனர். மொரீசியசுக்கு 1834 முதலும், நேற்றாலுக்கு 1860 முதலும், பீஜிக்கு 1879 முதலும் இவ்வாறு சென்றோருள், காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கூடியும் குறைந்தும், தமிழர் இருந்தனர். தேயிலையைப் பொறுத்தவரை, 1863இல் வோக்லியின் தோழியர் அருந்தியது பெரும்பாலும் சீனத்துத் தேயிலையாகும். இலங்கையில் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். 1869இற் கோப்பியை நோய் தாக்கியபின் மலையகம் தேயிலையாற் பசுமையாயிற்று. நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் பிரித்தானியச் சந்தையிலிருந்து சீனத் தேயிலையைப் பெரிதும் அகற்றிவிட்டன. அன்றுமுதல் இலண்டன் ஏழைப் பெண்ணின் குவளையை நிரப்பியது மலையகத் தமிழ்ப் பெண் கொய்த கொழுந்தாகும்.

தோமஸ் ஹூட் 1843இல் எழுதிய சட்டைப் பாட்டு தையற்பெண்ணின் வறுமையை இங்கிலாந்து முழுவதும் அறியச் செய்தது. பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' பீஜித் தோட்டங்களில் இந்தியப் பெண்கள் பட்ட துயரைப் பாடியது. ஒன்று சீனியை உண்பவளைப் பற்றியது. மற்றொன்று சீனியை விளைவிப்பவளைப் பற்றியது. இவ்விரு பாடல்களும் ஒரே பொருளாதாரத்தின் இரு பாதிகள். ஒப்பியல் நோக்கில் இவை சேர்த்துப் படிக்கப்படவேண்டியவை.

கொழுந்து கொய்தவளின் சொந்த உணவு யாது? விடியலிற் பிரட்டுக்களத்துக்கு ஓடுமுன் சாயத் தேநீரும் ரொட்டியும். பகலில் மலையிலேயே ஒரு விரைந்த உணவு. மாலையிற் கொழுந்து நிறுத்தபின் வீடு திரும்பிச் சமைத்து, யாவரும் உண்டபின் எஞ்சியது. நயமான தேயிலை கப்பலேற, தரங்குறைந்த தூளே அவளுக்கு எஞ்சியது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் முதலில் விதிக்கப்பட்ட கூலி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமாகவும் பெண்ணுக்கு 43 சதமாகவும் இருந்தது. தோட்டங்களிற் சமகூலி வந்தது 1984இலேயாகும். 1973-74 உணவு நெருக்கடியின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தமை அக்காலத்து வரலாற்றை அறிந்தோர் மறக்கவியலாதது.

ஆயினும் அவளது உணர்வு பதிவின்றி முற்றாக அழிந்துவிடவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலைநாட்டுப் பாடல்களை நோக்குக. கங்காணியின் ஏச்சும், கூலிக் குறைவும், விட்டுவந்த ஊரின் ஏக்கமும், காதலும் அங்கு ஒரே குரலிற் கலந்துவருகின்றன. வயிற்றையும் மனத்தையும் பிரித்துப் பேசும் வழக்கம் அப்பாடல்களுக்கு இல்லை. அறிக்கைகள் கூறாததை வாய்மொழி கூறுமிடத்து, இலக்கிய மாணவனின் பணி புள்ளிவிபரக்காரனின் பணிக்குத் துணையாகின்றது.

5

20ஆம் நூற்றாண்டில் உணர்ச்சிக்கும் உண்ணலுக்கும் உள்ள தொடர்பு தனியொரு ஆய்வுப் பொருளாயிற்று. நாஸி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற உளமருத்துவர் ஹில்டா புறூக் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். குழந்தையின் பசிக்கும் ஏனைய தேவைகளுக்கும் வேறுபாடின்றி உணவே விடையாக அளிக்கப்படின், வளர்ந்தபின் பசியையும் துயரையும் பிரித்தறிய இயலாதுபோகும் என அவர் கருதினார். இக்கருத்தில் உண்மையுண்டு. எனினும் அது குறையைத் தாயின் மடியிலேயே தேடுகின்றது. தாய்க்கு ஓய்வு நேரம் எவ்வளவு, அவளது கூலி எவ்வளவு என்ற வினாக்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

இதற்கு மாறான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பார் 36 ஆரோக்கியமான ஆண்களை, அவர்களது இசைவுடன், ஆறுமாதகாலம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போருக்குப் பின் பட்டினிப்பட்ட மக்களை மீட்கும் வழியை அறிவதே நோக்கம். அவ்விளைஞர்கள் சோர்வும் எரிச்சலும் மனத்தளர்ச்சியும் உற்றனர். உணவு பற்றியே கனவுகண்டனர். சிலர் சமையற் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினர். கட்டுப்பாடு நீங்கியபின் பலர் அளவின்றி உண்டும் அமைதி பெற்றாரல்லர். உணவோடு இவ்வாறு உணர்ச்சிப் பிணைப்புறுதல் பெண்ணியல்பு எனக் கூறப்பட்டு வந்தது. அது பற்றாக்குறையின் இயல்பு என்பதை இச்சோதனை காட்டிற்று. 1975இல் அமெரிக்கக் கல்லூரி மாணவியரிடையே ஹேர்மன், மக் ஆகியோர் நடத்திய சோதனையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. எடைக்கு அஞ்சி உணவை அடக்கி வாழ்ந்த மாணவியர், பாற்பானம் ஒன்றை அருந்தச்செய்யப்பட்ட பின்னர், அருந்தாதிருந்ததைவிடக் கூடுதலாக ஐஸ்கிறீம் உண்டனர். பற்றாக்குறை வறுமையால் வரினும், அழகு பற்றிய சமூகக் கட்டளையால் வரினும், அடக்கப்பட்ட பசி அடக்குமுறைக்கு எதிராக எழுகின்றது.

1986இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உணர்ச்சிவழி உண்ணலை அளக்கும் வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். அதன்பின் உலகெங்கும் அளவீடுகள் பெருகின. அவ்வினாக்கள் எரிச்சல், தனிமை, சலிப்பு போன்ற மனநிலைகளைக் குறிப்பன. அச்சலிப்பு எத்தனை மணிநேர வேலையின் விளைவு என்பதைக் கேட்கும் வினா அதில் இல்லை. உணர்ச்சி கூலியிலிருந்தும் வேலைநாளிலிருந்தும் பிரிக்கப்பட்டு, தனியாளின் சொத்தாக ஆக்கப்படும்போது அதற்கான பரிகாரமும் தனியாளிடமே தேடப்படுகின்றது. மனவடக்கம் பழகுக, நாட்குறிப்பு எழுதுக, பசியா துயரா என உன்னையே கேட்டுக்கொள்க என்னும் அறிவுரைகள் பயனற்றவை அல்ல. அவற்றைக் கடைப்பிடிப்பதற்கு வேண்டிய நேரமும் அறையும் யாருக்கு உண்டு என்பதே வினா.

6

இவ்வினாவை நமது நாட்டிற் கேட்பதற்குக் கட்டுநாயக்கவே தக்க இடம். 1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து திறந்த பொருளாதாரக் கொள்கை கைக்கொள்ளப்பட்டது. 1978இற் கட்டுநாயக்கவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டது. 1942 முதல் வழங்கிவந்த அரிசிப் பங்கீடு 1979இல் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. முத்திரையின் பெறுமதியோ விலைவாசியோடு உயரவில்லை. 1980இல் திருகோணமலையிற் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1953இல் அரிசியின் விலையேற்றத்துக்கு எதிராக ஹர்த்தால் நடத்திய ஒரு மக்களுக்கு, கால் நூற்றாண்டின் பின்னர், உணவு அரசின் கடமை என்ற நிலையிலிருந்து சந்தையின் பண்டம் என்ற நிலைக்கு மாறிற்று. கிராமத்து இளம்பெண் தையலெந்திரத்தின் முன் அமர்ந்ததும், குடும்பத்தின் அரிசிப் பங்கு சுருங்கியதும் ஒரே கொள்கையின் இரு முகங்களே.

வலயத்துக்கு வந்தோர் பெரும்பாலும் மணமாகாத சிங்களக் கிராமத்து இளம்பெண்கள். 2009இற் போர் முடிந்தபின் ஆடைத் தொழிற்சாலைகள் வடக்குக்கும் விரிந்தன. தமிழ்ப் பெண்களும் இவ்வரிசையிற் சேர்ந்தனர். சிற்றறையொன்றிற் பலர் வாழும் போடிங், பொதுவான அடுப்பு, நீருக்கு நீண்ட வரிசை, மணிக்கணக்கில் விதிக்கப்படும் உற்பத்தி இலக்கு, மேலதிகநேர வேலை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் என்பனவற்றுள் அவளது உணவு அடைபடுகின்றது. காலையுணவு தவறுகின்றது, பணிசும் சீனித் தேநீரும் இடைவேளையை நிரப்புகின்றன, இரவிற் கொதிநீரில் ஊறும் நூடில்ஸ் சமையலாகின்றது. குருதிச்சோகை இவ்விளம்பெண்களிடையே பரவலாகக் காணப்படுவது வியப்பன்று. 7¾ இறாத்தல் பாணுடன் வாழ்ந்த 1863ஆம் ஆண்டுத் தையற்பெண்ணின் உணவு, இரும்புச்சத்தற்ற அதே வடிவில், இங்கு மீண்டும் தோன்றுகின்றது.

உணர்வின் பக்கமும் உண்டு. ஊரில் இவளை, தையலெந்திரத்தின் பெயரைக் கொண்டு, 'ஜூகிப் பெண்' எனப் பழித்தனர். குடும்பத்தைத் தாங்குபவளே குடும்பத்துக்கு இழுக்கென ஏசப்பட்டாள். உறக்கக் குறைவு பசியைத் தூண்டுவதையும், இனிப்பிலும் மாப்பண்டங்களிலும் நாட்டத்தைக் கூட்டுவதையும் இன்றைய உடலியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. நீடித்த நெருக்குதலுக்குள்ளான உயிரி இனிப்பும் கொழுப்பும் உண்டு நெருக்குதலைத் தணித்துக்கொள்வதை விலங்குச் சோதனைகளும் உணர்த்தியுள்ளன. ஆகவே நள்ளிரவில் முறைமாறித் திரும்பிவரும் பெண், அறைத்தோழியருடன் பகிர்ந்துண்ணும் ஒரு பொதி பிஸ்கட்டில் உடலியலும் தனிமையும் தோழமையும் ஒருங்கே உள்ளன. அதனைப் போசாக்கறிவின்மை எனப் போசாக்கியலும், மனவடக்கமின்மை எனச் சந்தை உளவியலும் கூறும். வேலைநாளின் நீளமே அதன் முதற் காரணம் எனக் கூறுவார் சிலரே.

2022இல் நாடு கடனிறுக்க இயலாது தத்தளித்தபோது, அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவின் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. மேலதிகநேர வேலை குறைந்தது. கூலி பெரிதும் அசையவில்லை. வேளைதவறி உண்பது பலரது வழக்கமாயிற்று. இத்தகைய ஆண்டொன்றில் உணவின் தரத்தைத் தனியாளின் தெரிவாகப் பேசுவோர், எதிலிருந்து தெரிவது என்பதையும் கூறக் கடமைப்பட்டோராவர்.

7

மேற்கூறியவற்றிலிருந்து முற்போக்குச் சிந்தனையாளர் தம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்பவேண்டியுள்ளது. பசியைப் பற்றி நமது முற்போக்கு இலக்கியம் நிறையவே பேசியுள்ளது. அப்பசி பெரும்பாலும் ஆணின் வயிற்றுப் பசி. அல்லது குடும்பத்தின் பொதுப்பசி. இளம்பெண்ணின் உண்ணாமையும், ஒளித்து உண்ணலும், இனிப்பின்மீதான ஏக்கமும், உடல்பற்றிய நாணமும் நடுத்தர வர்க்கத்தின் வீண்கவலைகள் என ஒதுக்கப்பட்டன. அவ்வாறு ஒதுக்கியமையால் அவை அழகுச் சாதன வணிகரின் கையிலும் மெலிவிக்கும் மருந்து விற்போரின் கையிலும் சென்று சேர்ந்தன. கிரெயின் கணக்கிலிருந்து தையற்பெண்ணை மீட்பதற்கு மார்க்ஸ் அவளது வேலைநாளைக் காட்டினார். அதே நெறியிற் சென்று, வேலைநாளின் உள்ளே அவளது உணர்வையும் காட்டுவது நம்முன் உள்ள பணி.

இதற்குச் சில வழிகள் உள. போசாக்கு ஆய்வுகளில் வேலைநேரம், உறக்கம், கூலி, அடுப்பு, யார் முதலில் உண்பது என்பனவும் தரவுகளாகச் சேர்க்கப்படவேண்டும். உளவியல் வினாக்கொத்துகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்ப்போர், துயரின் காரணத்தையும் கேட்கும் வினாக்களை அவற்றிற் சேர்க்கவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தோட்டத்திலும் வலயத்திலும் பெண்கள் தமது உணவைப்பற்றித் தாமே கூறுவனவற்றைப் பதிவுசெய்யவேண்டும். தொழிற்சங்கங்கள் கூலிக்கோரிக்கையோடு உணவு இடைவேளை, சமைத்த சூடான உணவு, விடுதியில் அடுக்களை ஆகியவற்றையும் கோரிக்கைகளாக முன்வைக்கவேண்டும்.

இளம்பெண் எதனை உண்கின்றாள், எவ்வுணர்வோடு உண்கின்றாள் என்பன இரு வேறு கேள்விகளல்ல. அவளது நாளின் எந்த மணிநேரம் அவளுக்கு உரியது என்னும் ஒரே கேள்வியின் இரு விடைகளே அவை. வேலைநாள் குறைந்து, கூலி உயர்ந்து, ஆறுதலாக அமர்ந்து உண்ணும் உரிமை அவளுக்குக் கிடைக்குமாயின், இனிப்புத் தேநீரை அவள் அப்போதும் விரும்பலாம். அன்று அது அவளது ஒரேயொரு ஆறுதலாக இருக்கவேண்டிய நிலை ஒழிந்திருக்கும்.